தனியார் பட்டான்னு முடிச்சு வச்ச மனுவ மறுபடி திறங்க: கலெக்டருக்கு ஒரு திறந்த மடல்

கலெக்டர் சாருக்கும், நீர்வளத்துறை, வருவாய்த்துறை, ஊராட்சி ஒன்றிய அதிகாரிகளுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாழைக்கு உரம் வச்சிட்டிருக்கும்போது, எங்க ஊர் மண் அணை ஆபத்தா நிக்குதுன்னு நான் குடுத்த மனுவுக்குப் போன்ல மெசேஜ் வந்துச்சு, உங்கள் மனு முடித்து வைக்கப்பட்டதுன்னு. என்ன சொல்லி முடிச்சாங்கன்னு அதுல இல்ல. வெள்ளிக்கிழமை தபால்ல கடுதாசி வந்துச்சு. மேற்படி நீர்த்தேக்கம் தனியார் பட்டா நிலத்தில் அமைந்துள்ளதாலும் இத்துறையின் பராமரிப்பில் இல்லாததாலும் நடவடிக்கை எடுக்க வழிவகை இல்லைன்னு நாலு வரி, கீழ ஒரு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான். மூணு வருஷத்துல ஆறு மனு குடுத்திருக்கேன் சார், ஆறுக்கும் சேர்த்துக் கெடைச்சது இந்த நாலு வரி. இந்த ஆறு மனுவுக்கும் ஒரு ஆபீசர் கூட அந்தக் கரையில ஏறி நடந்து பார்க்கல, அதான் எனக்குத் தாங்கல.

நான் எதப் பத்திச் சொல்றேன்னு மொத்தமா சொல்லிடறேன். எங்க ஊருக்கு மேக்க, மலை அடிவாரத்துல, ஓடையக் குறுக்க மறிச்சு ஒரு மண் அணை இருக்கு. ஊர்ல அத அண்ணாச்சி அணைன்னுதான் சொல்லுவோம். இப்ப இருக்கற ஓனரோட அப்பா காலத்துல, மாந்தோப்புக்கும் தென்னைக்கும் தண்ணி பாய்ச்ச சொந்தச் செலவுல கட்டினது. நடுவுல 22 அடி உயரம், உள்பக்கம் கல் பதிச்சு, வடக்கு ஓரத்துல கூடுதல் தண்ணி வெளிய போக மறுகால் விட்டு, பழைய ஆளுங்க யோசிச்சுத்தான் கட்டியிருக்காங்க. என் அப்பா ஊர்க்குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியா இருந்தவர், அவருக்கு யாரோட கரையப் பார்த்தாலும் ஒரு குத்தம் சொல்லியாகணும், அவரே அந்தக் கரையப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. அது எவ்வளவு பெரிய சர்ட்டிபிகேட்டுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

அணை இருக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரல, அதயும் முதல்லயே சொல்லிடறேன். 2016ல வடகிழக்கு மழை 62 சதவீதம் பொய்ச்சுப் போச்சு, அடுத்த வருஷம் கோடையில ஊர்ல ஒரு கிணத்துலயும் தண்ணி இல்ல, அப்ப எங்க வாழைய உயிரோட வச்சது அந்த அணைக்குக் கீழ இருந்த ஊத்துதான். ஓனர் அண்ணாச்சி ஒரு பைசா வாங்காம மாட்டுக்குத் தண்ணி எடுத்துக்கச் சொன்னார். அந்த நன்றி எங்களுக்கு இருக்கு. அதனாலதான் மொத ரெண்டு மனு எழுதறதுக்கு முன்னாடி நேர்ல போய் அவர்கிட்டயே சொன்னேன்.

பிரச்சனை ஆரம்பிச்சது 2022ல. அண்ணாச்சிக்கு உடம்பு முடியாம டவுன்ல மகன் வீட்டுக்குப் போயிட்டார், தோப்பையும் அணையையும் ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டாங்க. வந்தவருக்குத் தோப்ப விட மீன் மேலதான் கண்ணு. தண்ணி கூட நின்னாத்தான் மீன் கூட வளரும்னு, ஒரே வாரத்துல டிப்பர்ல மண்ணக் கொண்டாந்து கரை மேல தட்டி, ஜேசிபிய வச்சு மட்டம் பண்ணி நாலு அடி ஏத்திட்டார். பழைய கரை மேல இருந்த புல்லக்கூட செதுக்கல, தண்ணி தெளிக்கல, ரோலர் ஓட்டல. கரை ஏத்தறதுன்னா அரை அடி மண்ணப் போடணும், நனைக்கணும், இறுக்கணும், அப்புறம்தான் அடுத்த அரை அடி, இது எங்க ஊர்ல வரப்பு வெட்டற பையனுக்குத் தெரியும். இவங்க செஞ்சது மாவு மூட்டைய அடுக்கின மாதிரி. அதோட நிக்கல, மறுகால்ல மீன் தப்பிச்சுப் போயிரக்கூடாதுன்னு கம்ப நட்டு சின்னக் கண்ணு வலைய ரெட்டையாக் கட்டிட்டாங்க.

மறுகால்னா என்னன்னு உங்க இன்ஜினியருங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா கடுதாசியில கையெழுத்து போட்டவருக்காகச் சொல்றேன். மண் கரைக்கு மேல தண்ணி ஏறி வழியவே கூடாது. கான்கிரீட்னா வழிஞ்சாலும் நிக்கும். மண்ணு மேல ஒரு சாண் தண்ணி வழிஞ்சா அது மொதல்ல ஒரு கோடு கிழிக்கும், கோடு வாய்க்காலாகும், கொஞ்ச நேரத்துல கரையே இருக்காது. அதுக்குத்தான் கூடுதல் தண்ணி பத்திரமா வெளிய போக மறுகால். அத அடைக்கறது, கொதிக்கிற குக்கருக்கு வெயிட்ட கையால அமுக்கிப் பிடிக்கற மாதிரி.

2023 டிசம்பர் 17. அந்த மழை உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, எங்க பக்கம் அவ்வளவு இல்ல, இருந்தாலும் மலையிலேர்ந்து ஓடை அப்படியொரு சத்தத்தோட வந்து நான் பார்த்ததில்ல. ராத்திரி பத்தரை மணிக்கு மேல எங்க தெருப் பசங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டு டார்ச்சோட மேல போனேன், என் வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார், மாமியார் வாசல்ல நின்னு கத்திட்டிருந்தாங்க, போகாதன்னு. கரைக்கும் தண்ணிக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்ல. மறுகால்ல தண்ணியே போகல சார். வலையில சருகு, தென்னமட்டை, பிளாஸ்டிக் பை, ஒரு செத்த ஆடு, எல்லாம் வந்து அப்பி சுவர் மாதிரி நிக்குது. பசங்க இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்கி அரிவாளால வலைய அறுத்தாங்க. அறுந்த உடனே அது போன வேகத்துல ஒரு பையனோட காலையும் இழுத்துச்சு, கயிறு இல்லன்னா அவன் இல்ல. ஒரு மணி நேரத்துல தண்ணி ஒரு சாண் இறங்குச்சு. விடியறவரைக்கும் கரையிலயே உக்காந்திருந்தோம்.

மறுநாள் அந்தப் பக்கம் ஒரு அதிகாரியும் வரல, நியாயம்தான், மாவட்டமே தண்ணியில கெடந்துச்சு, அத நான் குறை சொல்லல. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு அந்த நாலு பசங்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. எதுக்குன்னு நினைக்கறீங்க? வலைய அறுத்ததால மீன் போச்சு, நஷ்டம்னு குத்தகைக்காரர் கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கார். பசங்கள்ல ஒருத்தன் காலேஜ் படிக்கறான், அவங்கம்மா அழுதுகிட்டே என்கிட்ட வந்து நின்னாங்க. கடைசியில ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சு வச்சாங்க, ஆனா அந்தப் பசங்க இனிமே மழை ராத்திரியில அந்தக் கரைக்கு வருவாங்களா, நீங்களே சொல்லுங்க.

அடுத்த வருஷம் வலைய எடுத்துட்டாங்க. சந்தோஷப்படாதீங்க, அதுக்குப் பதிலா மறுகால் மேல ஹாலோ பிளாக் வச்சு ரெண்டு அடிக்குச் சுவர் கட்டிட்டாங்க, அதுக்கு மேல மணல் மூட்டை.

இப்ப கரை எப்படி இருக்குன்னு சொல்றேன், இது நேத்துக் காலையில நான் பார்த்தது. பழைய மண்ணும் புது மண்ணும் சேர்ற இடத்துல நீளவாக்குல ஒரு வெடிப்பு, இருபது அடிக்கு மேல ஓடுது. ஒரு தென்னை ஈர்க்க உள்ள விட்டேன், முழுசா இறங்கிருச்சு, அடி தட்டல. வெளிப்பக்கச் சரிவுல சீமைக்கருவேலம் கை தடிமனுக்கு நிக்குது, வேர் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அதுக்குத்தான் தெரியும். பழைய மதகு துருப்பிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, ஷட்டர் அசையாது, அதனால கரையக் குடைஞ்சு ஆறு இஞ்ச் பிவிசி பைப் ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க தோப்புக்குத் தண்ணி போக. அந்தப் பைப்ப ஒட்டி வெளிய ஒரு கசிவு. கசிவுங்கறது எல்லா மண் கரையிலயும் கொஞ்சம் இருக்கும், கண்ணாடி மாதிரித் தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வந்தா கரை உள்ளயிருந்து கரையுதுன்னு அர்த்தம், இது அப்பா சொன்னது. இதுக்கு முன்னாடியே ஒரு தடவை நான் என்ன பண்ணேன்னா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல அந்தக் கசிவப் பிடிச்சு வீட்டு ஜன்னல்ல வச்சேன். காலையில எந்திரிச்சுப் பார்த்தா அடியில ஒரு விரல் உயரத்துக்கு வண்டல். அந்த பாட்டில எடுத்துக்கிட்டுத்தான் திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு வந்தேன். டேபிள்ல வச்சேன். குடிதண்ணி பிரச்சனையாம்மா, அது வேற கவுண்டர்னு சொன்னாங்க.

சிரிப்பு வரும், எனக்கும் வந்துச்சு, பஸ்ல வரும்போது.

சரி, யாரு பொறுப்புன்னு பார்ப்போம். ஆயக்கட்டு, அதாவது தண்ணி பாயற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழன்னா ஊராட்சி ஒன்றியம், இது குளத்துக்கு. நம்ம அணை ரெண்டுலயும் வராது, ஏன்னா தனியார். அணைப் பாதுகாப்புச் சட்டம்னு 2021ல மத்திய அரசு ஒண்ணு கொண்டாந்துச்சே, அதப் பார்க்கச் சொல்லி என் மககிட்ட சொன்னேன், அவ அக்ரி படிக்கறா. அதுல 15 மீட்டருக்கு மேல உயரம் இருக்கணுமாம், இல்லன்னா 10லேர்ந்து 15 மீட்டர் இருந்து கூடவே அரை கிலோமீட்டர் நீளமோ, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, அந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கணுமாம். நம்மளது ஏத்தினதோட சேர்த்து 26 அடி, எட்டு மீட்டர்தான். ஆக பெரிய சட்டத்துக்கு இது ரொம்பச் சின்னது, சின்ன ஆபீசுக்கு இது தனியார். நடுவுல இருக்கறது நாங்க.

சின்னதுன்னா எவ்வளவு சின்னதுன்னு ஒரு கணக்குப் போட்டோம் நானும் மகளும். நிறைஞ்சா தண்ணி நிக்கற இடம் மூணு ஏக்கர், சராசரி ஆழம் பத்தடின்னு வச்சா 37,000 கன மீட்டர் வருது. உங்க கணக்குல 1.3 மில்லியன் கன அடி, பேப்பர்ல மேட்டூர் நீர்மட்டம் போடற பக்கத்துல இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. என் கணக்குல 3,000 தண்ணி லாரி, 12,000 லிட்டர் லாரி. அத்தனையும் ஓடை வழியா ஒரே நேரத்துல வரும். அரை கிலோமீட்டர் கீழ ரோட்டுப் பாலம், பாலத்துல மூணு குழாய், அதுல ரெண்டு அடைஞ்சு கெடக்கு. பாலத்த ஒட்டி அங்கன்வாடி. அதுக்குக் கீழ காலனியில அறுபது வீடு, என் வீடு அதுல கடைசி வரிசை. காலையில பாலத்துலேர்ந்து அணைக்கு நடந்து போனா எனக்கு எட்டு நிமிஷம் ஆகுது.

இது நடக்காதுன்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிராவுல ரத்னகிரி பக்கம் திவரேன்னு ஒரு ஊர், 2019 ஜூலை 2 ராத்திரி மண் அணை உடைஞ்சு வீடு வீடா ஆளுங்கள அடிச்சிட்டுப் போச்சு. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருக்காங்க. அப்புறம் மந்திரி ஒருத்தர் நண்டு வளை தோண்டினதுதான் காரணம்னு சொன்னார். நண்டு மேல கேஸ் போடுங்கன்னு ஆளுங்க நண்டப் பிடிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போனாங்க. அது அரசாங்க அணை. தனியார் அணை வேணும்னா, கென்யாவுல சொலாய்ங்கற இடத்துல ஒரு பெரிய பண்ணைக்குச் சொந்தமான மண் அணை, 2018 மே 9 ராத்திரி உடைஞ்சு 48 பேர் போயிட்டாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்களும் குழந்தைங்களும். ஹவாய்ல கவாய் தீவுல கா லோகோன்னு ஒண்ணு, 1890ல கரும்புக்காகக் கட்டின மண் அணை, பின்னாடி ஒரு தனியார் கைக்கு வந்துச்சு, 2006 மார்ச் 14 விடிகாலை உடைஞ்சு ஏழு பேர் செத்தாங்க. அங்க விசாரணையில என்ன வந்துச்சு தெரியுமா? மறுகால மண்ணப் போட்டு மூடியிருக்காங்கன்னு. ஓனருக்கு ஏழு மாசம் ஜெயில். மக இத வாசிச்சுக் காட்டின ராத்திரி நான் சாப்பிடல.

இப்ப அந்த தனியார் பட்டாங்கற வார்த்தைக்கு வர்றேன். தோப்பு பட்டாதான், மறுக்கல. ஆனா ஓடை? கிராம நிலவரைபடத்துல ஓடை ஓடைப் புறம்போக்குன்னுதான் இருக்கு, அணைக்கரை நடுப்பகுதி மொத்தமும் அந்தப் புறம்போக்கு மேலதான் உக்காந்திருக்கு, விஏஓவே வாய் வார்த்தையா எங்கிட்ட ஒத்துக்கிட்டார், எழுதித் தரமாட்டேன்னார். அதனால முழுக்க தனியார்னு எழுதின அந்த நாலு வரியே தப்பு. சர்வேயர் ஒரு நாள் செயின் பிடிச்சாத் தெரிஞ்சிரும்.

அதயும் விடுங்க, முழுக்கப் பட்டாவாவே இருக்கட்டும். ரோட்டோரம் ஒரு தனியார் கட்டடம் சரிஞ்சு நின்னா, உள்ள யாரும் போகாதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டி இடிக்க வைக்கறீங்கல்ல? அது எந்த அதிகாரத்துல? முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, அதுக்குப் பதிலா இப்ப வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 152. விழுந்து ஜனங்களுக்கு ஆபத்து பண்ற எதையும் சரி பண்ணுன்னு ஓனருக்கு உத்தரவு போட ஆர்டிஓவுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு, அதுல பவர் இருக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ல மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவரே கலெக்டர் நீங்கதான். வழிவகை இல்லைன்னு எழுதினவர் இதெல்லாம் தெரியாமத்தான் எழுதினாரா, இல்ல எதுக்கு வம்புன்னு எழுதினாரான்னு எனக்குத் தெரியல, ரெண்டாவதுதான்னு ஊர்ல சொல்றாங்க.

அண்ணாச்சிக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் எப்படியும் அவர் மகன் போனுக்குப் போயிரும். அண்ணாச்சி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நான் வந்து சொன்னப்ப குத்தகைக்காரர்கிட்டப் பேசறேன்னீங்க, பேசியும் இருப்பீங்க, அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனா குத்தகை அவருக்கு, கரை உங்களுக்கு. நாளைக்கு ஏதாவது ஆனா அவர் மீன் வண்டிய எடுத்துட்டுப் போயிருவார், உங்கப்பா பேருதான் நிக்கும். ஒரு வார்த்தை நீங்களே கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் குடுங்க, என் அணையப் பரிசோதிச்சு என்ன செய்யணும்னு சொல்லுங்கன்னு. பாதி சிக்கல் அதுல தீரும்.

இப்ப நான் கேக்கறது. முடிச்சு வச்ச மனுவ மறுபடி திறக்கணும், இனிமே மனுவுக்குப் பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒருத்தர் இடத்தப் பார்த்திருக்கணும். வடகிழக்கு மழை தொடங்கறதுக்கு முன்னாடி, அதாவது அக்டோபர் பதினஞ்சுக்குள்ள, நீர்வளத்துறை இன்ஜினியர் ஒருத்தர் வந்து கரை, கசிவு, பைப், மறுகால் எல்லாம் பார்த்து எழுத்துல ரிப்போர்ட் குடுக்கணும், அந்த ரிப்போர்ட் ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டணும். மறுகால்ல கட்டின சுவரையும் மணல் மூட்டையையும் இந்த வாரமே எடுக்க ஆர்டிஓ உத்தரவு போடணும், இதுக்கு ஒரு ஜேசிபியும் ரெண்டு மணி நேரமும் போதும். தண்ணி இப்ப முக்கால் அணை நிக்குது, அத ஆறடி குறைக்கணும், ஆனா தயவுசெஞ்சு அவசரப்பட்டுக் கரைய வெட்டிடாதீங்க, ஒரே நாள்ல இறக்கினாலும் உள்பக்கச் சரிவு ஊறிப்போன மண்ணு அப்படியே வழுக்கி விழுந்திரும், கரைக்கு மேல வளைச்சு விட்டுத் தண்ணிய வெளிய இழுக்கற சைஃபன் குழாய் போட்டு தினம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கச் சொல்லுங்க, அந்தத் தண்ணிய எங்க ஊர்க்குளத்துக்கே விடலாம், அதுல பாதி காலியாத்தான் கெடக்கு. ஏத்தின நாலடியும் நிக்கலாமா, எடுக்கணுமான்னு இன்ஜினியர் சொல்லட்டும், செலவு ஓனர் தலையில, அவரால முடியலன்னா நீங்க செஞ்சுட்டு வரி மாதிரி வசூல் பண்ணுங்க. ஓடைப் புறம்போக்க அளந்து கல்லு நடணும். அந்த நாலு பசங்க பேர்ல ஸ்டேஷன்ல ஏதாவது காகிதம் இன்னும் கெடந்தா அத எடுத்துரணும்.

இன்னொண்ணு, இது எங்க ஊருக்கு மட்டும் இல்ல. அடிவாரத்துல இந்த மாதிரி தோட்டத்துக்குள்ள கேட் போட்டு மறிச்ச மண் அணை எனக்குத் தெரிஞ்சே இன்னும் மூணு இருக்கு. எத்தனை இருக்குன்னு உங்க ஆபீஸ்ல கேட்டேன், லிஸ்ட்டே கிடையாதுன்னாங்க. பத்து அடிக்கு மேல உயரம் இருக்கற தனியார் கரை எல்லாத்தையும், யாருது, எங்க, கீழ எத்தனை வீடுன்னு ஒரு ரிஜிஸ்டர் போடுங்க. விஏஓ ஒவ்வொருத்தரும் ஒரு நாள் நடந்தா முடிஞ்சிரும்.

வர்றதா இருந்தா காலையில எட்டு மணிக்கு முன்னாடி வாங்க, அப்பத்தான் கேட் திறந்திருக்கும், மீன்காரங்க உள்ள இருப்பாங்க. ஜீப் பாலம் வரைக்கும்தான் வரும், அங்கேர்ந்து நடக்கணும், ஓடைக்கரை சேறு, ஷூ வேண்டாம். பாட்டில் இன்னும் ஜன்னல்லதான் இருக்கு, எடுத்துட்டு வந்து நிக்கறேன்.

இப்படிக்கு,
பாலத்துக்குக் கீழ, காலனி கடைசி வரிசையிலேர்ந்து ஒரு வாழை விவசாயி